பொறிக்குள் ஒரு பொறி

தமிழிலே 'பொறி' என்னும் சொல் மிக விசித்திரமானது. நெருப்பின் சிறு துளிக்கும் அதுவே பெயர்; மனிதன் வகுத்த யந்திரத்துக்கும் அதுவே பெயர்; கண், காது, மூக்கு, நாக்கு, மெய் என்னும் ஐந்து இந்திரியங்களுக்கும் அதுவே பெயர். இம்மூன்று பொருள்களும் ஓரிடத்தில் கூடி நிற்பதைக் காண்பது அபூர்வம். ஆயினும், கிளம்ப மறுத்து நிற்கும் ஒரு பழைய மோட்டார் காரின் பானட்டைத் தூக்கி, அந்தப் பொறிக்குள் பொறி ஏன் பிறக்கவில்லை என்பதைத் தன் ஐம்பொறிகளையே துணையாகக் கொண்டு ஒரு மெக்கானிக் தேடுகின்றபோது, அந்த மூன்றும் ஒருங்கே காட்சி தருகின்றன. அத்தகைய ஒரு தேடலை வத்திராயிருப்பில் ஓர் ஐப்பசி விடியலில் அருகே இருந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிட்டிற்று.

கிருஷ்ணன்கோவிலில் பெருஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பி, நெல்வயல்களையும் தென்னந்தோப்புகளையும் கடந்து சென்றால், மேற்கு மலைத்தொடர் கண்ணெதிரே சுவர்போல் எழுந்து நிற்கும் இடத்தில் வத்திராயிருப்பு இருக்கிறது. தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி ஏறுகிறவர்கள் கடந்து செல்லும் ஊர் அது. பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என்னும் இரண்டு அணைகளும் அருகே உள்ளன. என் நண்பர் ஒருவரின் வீட்டில் நான் தங்கியிருந்த அன்று இரவு முழுவதும் மழை. விடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண முகூர்த்தத்துக்குப் போயாக வேண்டும். தென்னங்கீற்றுக் கொட்டகையின் கீழ் நின்றிருந்த அவருடைய கார், பாயின்ட் வைத்த பழைய நாலு சிலிண்டர் வண்டி, சாவியைத் திருப்பியதும் உற்சாகமாகவே சுற்றியது. சுற்றியதே தவிர, உயிர் பெறவில்லை.

சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் ஒருமுகமாகத் தீர்ப்புக் கூறினார்கள்: "ஈரம்." மழை பெய்தது, கார் நின்றது, இதைவிடத் தெளிவான காரிய காரண சம்பந்தம் வேறு என்ன வேண்டும்? நண்பர் துண்டை எடுத்து ஒயர்களையெல்லாம் துடைத்தார்; நான்கு பிளக்குகளையும் கழற்றி அடுப்படியில் வைத்துக் காயவைத்தார்; டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி உட்புறத்தை ஒற்றி எடுத்தார். ஒரு மணி நேரம் கழிந்தது. வண்டியில் மாற்றம் ஏதுமில்லை. பிறகுதான் ஒரு பையனைச் சைக்கிளில் அனுப்பி, ஊரார் எல்லோரும் அண்ணாச்சி என்று அழைக்கும் ஒரு முதிய மெக்கானிக்கை வரவழைத்தோம். அவர் வந்து சேர்வதற்குள், அவர் தேட வந்த பொருள் இன்னதென்பதை வாசகருக்குச் சற்று விளக்கிவிடுகிறேன்.

ஓட்டமும் நிறுத்தமும்

பெட்ரோல் எஞ்சினின் சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்த கலவை புகுந்து, ஏழெட்டு மடங்கு அமுக்கப்பட்டு, அமுக்கம் உச்சத்தை எட்டும் தறுவாயில் ஒரு பொறியினால் தீண்டப்பெற்று எரிகிறது. நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றுகிறதென்றால், ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்ற கணக்கில், நிமிஷத்துக்கு 6,000 பொறிகள் வேண்டும். வத்திராயிருப்பிலிருந்து சிவகாசி வெகுதூரமில்லை. ஆகவே கணக்கைச் சிவகாசி வழியிலேயே சொல்லிப் பார்க்கலாம். 50 குச்சி கொண்ட தீப்பெட்டியாக வாங்கினால், அந்த எஞ்சினுக்கு நிமிஷத்துக்கு 120 பெட்டி தேவைப்படும்; அதிலும் ஒவ்வொரு குச்சியும் குறித்த கணத்தில், முன்னும் பின்னும் பிசகாமல் பற்றியாக வேண்டும்.

இத்தனை பொறிகளையும் தருவதற்கு நம்மிடம் உள்ளதோ வெறும் 12 வோல்ட் பாட்டரி. வெளிக்காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியை மின்சாரம் தாவுவதற்கே ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். பிளக்கின் இடைவெளி ஒரு மில்லிமீட்டரைவிடக் குறைவுதான். ஆனால் சிலிண்டருக்குள் காற்று அமுக்கப்பட்டிருப்பதனால் அங்கே தாவுவது மேலும் பல மடங்கு கடினம். 12 வோல்ட்டை எவ்வாறு பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துவது?

இதற்கான விடையை 1831இல் மைக்கேல் பாரடே தம் ஆய்வுக்கூடத்தில் கண்டார். ஒரு கம்பிச்சுருளின் அருகே காந்தப்புலம் நிலையாக நிற்கும்போது அச்சுருளில் ஒன்றும் நிகழ்வதில்லை. அப்புலம் மாறும்போது மாத்திரமே அதில் மின் அழுத்தம் தோன்றுகிறது. மாற்றம் எவ்வளவுக்கெவ்வளவு விரைவானதோ, அழுத்தமும் அவ்வளவுக்கவ்வளவு பெரியது. ஐந்தாண்டு கழித்து, 1836இல், அயர்லாந்தின் மேனூத்தில் பேராசிரியராயிருந்த பாதிரியார் நிக்கலஸ் காலன், தடித்த கம்பியால் சில சுற்றுகளும் மெல்லிய கம்பியால் மிகப் பல சுற்றுகளும் கொண்ட தூண்டுசுருளை அமைத்து, சிறிய பாட்டரியிலிருந்து பெரிய அதிர்ச்சியைப் பெறலாம் எனக் காட்டினார். நம் மெக்கானிக்குகள் 'காயில்' என்று சொல்லும் அந்தக் கறுத்த உருளைக்குள் இருப்பது காலனின் சுருளின் வழித்தோன்றலே. முதற்சுருளில் சில நூறு சுற்றுகள். இரண்டாம் சுருளில் சுமார் 20,000 சுற்றுகள்.

காயிலின் முதற்சுருளில் சாதாரணமாக 3 ஓம் அளவில் தடை உண்டு. எனவே 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் அளவு மின்சாரம் அதன் வழியே ஓடி, இரும்பு உள்ளகத்தைக் காந்தமாக்கி வைத்திருக்கும். இந்த ஓட்டத்தின் கடைசிப் படியாக, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் 'பாயின்ட்' எனப்படும் இரண்டு சிறு உலோகப் பொட்டுகள் ஒன்றையொன்று தொட்டு நின்று, மின்சாரத்தை எஞ்சினின் உடம்புக்கு, அதாவது எர்த்துக்கு, இறக்கிவிடுகின்றன. அவை தொட்டுக்கொண்டிருக்கும் வரையில் பொறி ஏதும் இல்லை. சுழலும் கேமின் முனை அவற்றை விலக்குகிறது, ஓட்டம் அறுகிறது, காந்தம் சட்டென்று சரிகிறது, அந்தச் சரிவே முதற்சுருளில் சில நூறு வோல்ட்டையும், இரண்டாம் சுருளில் 20,000 வோல்ட் அளவையும் எழுப்பிவிடுகிறது. தோப்பில் மோட்டார் இறைக்கும்போது, நீண்ட குழாயில் விரைந்து ஓடும் தண்ணீரைத் திடீரென்று அடைத்தால் குழாய் 'டங்' என்று அதிர்வதைக் கேட்டவர்களுக்கு இது புரியும். பொறி பிறப்பது மின்சாரத்தின் ஓட்டத்தினால் அன்று, ஓட்டம் நின்றதனால். ஆனால் நிற்க வேண்டுமானால் முதலில் ஓடியிருக்க வேண்டும். இந்த இரண்டாவது வாக்கியத்தை வாசகர் மறவாமல் வைத்திருக்க வேண்டுகிறேன்.

பாயின்ட்டோடு சேர்த்து 'கண்டென்சர்' என்னும் விரல்நுனி அளவுள்ள குப்பி ஒன்றும் இருக்கும். பாயின்ட்டுகள் விலகத் தொடங்கும் அந்த முதற்கணத்தில் மின்சாரம் அவற்றின் இடையே தீயாகத் தாவித் தன் ஓட்டத்தை நீட்டித்துக்கொள்ளப் பார்க்கும். அப்படி நீட்டித்தால் பாயின்ட்டுகள் கருகும். காந்தத்தின் சரிவும் மந்தமாகும். அந்த வேகத்தைக் கணநேரம் தன்னுள் வாங்கி, அறுப்பைக் கூர்மையாக்குவதே கண்டென்சரின் பணி. பிறகு அந்த உயர் அழுத்தம் ஒரு தடித்த ஒயர் வழியே டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவுக்கு வந்து, சுழலும் ரோட்டாரின் மூலம் நான்கு பிளக்குகளுக்கும் முறைப்படி பங்கிடப்படுகிறது.

பாட்டரி, காயில், பாயின்ட் என்னும் இம்முறையை மோட்டார் காருக்கு ஏற்றபடி செம்மை செய்தவர் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங். 1910ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் அது இடம்பெற்றது. அதன் பின் அரை நூற்றாண்டுக்கு மேலாக அதன் அமைப்பு பெரிதும் மாறவில்லை. உத்தரபாராவில் செய்யப்பட்ட அம்பாசிடரும், பம்பாயின் பிரீமியர் பத்மினியும், சென்னையின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் இந்தக் குலத்தைச் சேர்ந்தவையே. டி. வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் தோற்றுவித்த நிறுவனமும் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் கூடி 1961இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ்., சென்னையை அடுத்த பாடியில் மோட்டார் வாகனங்களின் மின்சாதனங்களைச் செய்யத் தொடங்கிய பின், டிஸ்ட்ரிபியூட்டர் என்பது சிற்றூர் மெக்கானிக்கின் நாவிலும் பழகிய சொல்லாகிவிட்டது.

அங்கிட்டா, இங்கிட்டா

அண்ணாச்சி வந்தார். சைக்கிளின் பின்னால் ஒரு கித்தான் பை. அதற்குள் நாலைந்து ஸ்பேனர், ஒரு திருப்புளி, பாயின்ட் இடைவெளி பார்க்கும் தகடுகள், இரண்டு ஒயர் முனை நீட்டிய ஒரு சிறு பல்பு. நண்பர் காலையிலிருந்து செய்ததையெல்லாம் விவரித்து, "ஈரந்தான் அண்ணாச்சி" என்று முடித்தார்.

"இருக்கலாம் தம்பி. சாவியப் போடுங்க, பாப்போம்."

அவர் காதைக் கொடுத்துக் கேட்டார். செல்ப் மோட்டார் வலுவாகச் சுற்றுகிறது, எனவே பாட்டரியில் குறையில்லை. கார்புரேட்டரின் வாயருகே மூக்கைக் கொண்டுபோனார். பெட்ரோல் மணத்தது, எனவே எண்ணெய் வருகிறது. இரண்டு பொறிகளுக்கு வேலை கொடுத்து, எஞ்சினின் பாதியை அவர் குற்றத்திலிருந்து விடுவித்துவிட்டார்.

அடுத்து அவர் செய்தது என்னை வியப்பில் ஆழ்த்திற்று. பிளக் எதையும் கழற்றவில்லை. காயிலிலிருந்து வரும் தடித்த ஒயரை மட்டும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவிலிருந்து உருவி, பெட்ரோல் மணம் இல்லாத பக்கமாக, காப்பிட்ட இடுக்கியால் பிடித்து, அதன் நுனியை எஞ்சினின் இரும்பிலிருந்து அரை விரற்கடை தள்ளி நிறுத்தி, மீண்டும் சாவியைப் போடச் சொன்னார். எஞ்சின் சுற்றியது, அந்த இடைவெளியில் நீலப் பொறி தாவவில்லை.

ஏன் அந்த இடம்? என் கேள்விக்கு அவர் பதில் இதுதான்: "நடுவுல நின்னு பாக்கணும் சார். அங்கிட்டு இருக்கா, இங்கிட்டு இருக்கான்னு தெரிஞ்சா, பாதிய விட்டுரலாம்ல."

தர்க்க சாஸ்திரத்தைப் பாடம் கேட்டவர்கள்கூட இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. பொறியின் பாதை பாட்டரியில் தொடங்கிப் பிளக்கில் முடியும் ஒரு சங்கிலி. ஒரு முனையிலிருந்து கண்ணி கண்ணியாகச் சோதித்துக்கொண்டு போகிறவன், பதினாறு கண்ணியுள்ள சங்கிலியில் பதினைந்து தடவை சோதிக்க நேரிடலாம். நடுவில் நின்று வினவி, குற்றமற்ற பாதியைத் தள்ளிவிட்டு, மிஞ்சிய பாதியின் நடுவில் மறுபடி வினவுகிறவனுக்கு நான்கே சோதனைகள் போதும். அண்ணாச்சியின் முதல் வினாவுக்குக் கிடைத்த விடையினால், மூடி, ரோட்டார், நான்கு ஒயர்கள், நான்கு பிளக்குகள் ஆகிய அனைத்தும் ஒரே வீச்சில் தற்போதைய குற்றச்சாட்டிலிருந்து விலக்கப்பட்டன. நண்பர் ஒரு மணி நேரம் துடைத்ததும் காயவைத்ததும் அந்தப் பாதியைத்தான்.

மாறாக, அந்த இடைவெளியில் பொறி பளிச்சென்று தாவியிருந்தால், தேடல் மறுபாதிக்குச் சென்றிருக்கும். அங்கே மூடியின் உட்புறத்தில் எறும்பு ஊர்ந்த தடம்போல ஒரு கரிக்கோடு தென்படலாம். ஈரத்தின் வழியே ஒருமுறை கசிந்த மின்சாரம், அவ்விடத்தைக் கருக்கிக் கரியாக்கி, அக்கரியையே தனக்கு நிரந்தரப் பாதையாக்கிக்கொள்ளும். ரோட்டாரின் காப்பு உடைந்து, பொறி தண்டின் வழியே இறங்கிவிடலாம். மூடியின் நடுவிலுள்ள சிறு கரித்துண்டு தேய்ந்து போயிருக்கலாம். பிளக்கை வெளியே எடுத்துப் பார்க்கும்போது பொறி தாவிவிட்டது என்பதனால் மட்டும் அது சிலிண்டருக்குள்ளும் தாவும் என்று நம்பிவிடக் கூடாது. வெளிக்காற்று இடங்கொடுப்பதுபோல் அமுக்கப்பட்ட காற்று இடங்கொடாது. சிவந்து மெலிந்த பொறி வெளியே ஏமாற்றி, உள்ளே கைவிட்டுவிடும்.

விளக்கு சொன்ன சாட்சி

இப்போது பல்பு வெளியே வந்தது. ஒரு ஒயரை எஞ்சினின் இரும்பில் கவ்வவிட்டு, மறுமுனையைக் காயிலின் பாட்டரிப் பக்கத்து முனையில் வைத்தார். சாவி போட்டவுடன் பல்பு எரிந்தது. ஆகவே பாட்டரியிலிருந்து காயில் வரையுள்ள பாதை நலம். பிறகு பல்பைக் காயிலின் மறுமுனைக்கு, பாயின்ட்டை நோக்கி ஒயர் புறப்படும் முனைக்கு, மாற்றினார்.

இங்கேதான் சோதனையின் நுட்பம் இருக்கிறது. பாயின்ட்டுகள் விலகியிருக்கையில், காயிலின் வழியே வரும் மின்சாரத்துக்குப் பல்பைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. ஆகவே பல்பு எரியும். பாயின்ட்டுகள் சேர்ந்திருக்கையில், மின்சாரம் தடையற்ற அந்த வழியே எர்த்துக்கு இறங்கிவிடும், பல்பு அணையும். எனவே எஞ்சின் சுற்றும்போது பல்பு கண் சிமிட்ட வேண்டும். சிமிட்டாமல் இருண்டே கிடந்தால், ஒன்று முதற்சுருள் அறுந்திருக்கும். அல்லது கண்டென்சரோ பாயின்ட்டின் காப்பு வாஷரோ பழுதாகி, அம்முனை ஓயாமல் எர்த்தாகிக்கொண்டிருக்கும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால், மின்சாரம் பாயின்ட் வழியே இறங்குவதே இல்லை என்று பொருள்.

நண்பர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றிற்று, பல்பு சிமிட்டவில்லை, ஆடாத அகல்போல ஒரே சீராய் எரிந்தது.

"ஓடவே இல்ல, அப்புறம் எப்படி நிக்கும்?" என்றார் அண்ணாச்சி. பாரடேயின் விதியை நான் மூன்று பத்தியில் எழுதியதை, அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

இனி எஞ்சியது சிறிய பகுதி: காயிலின் முனையிலிருந்து பாயின்ட் வரை. மூடியையும் ரோட்டாரையும் எடுத்துவிட்டுப் பாயின்ட்டைப் பார்த்தார். தகட்டைச் செருகிப் பார்த்ததில் இடைவெளி சரியாகவே இருந்தது. இத்தகைய வண்டிகளில் அது 0.4 மில்லிமீட்டரை ஒட்டியிருக்கும். பொட்டுகளிலும் கருகலோ எண்ணெய்ப் படலமோ இல்லை. வேறொருவராயின் உப்புத்தாளை எடுத்து அவற்றைத் தேய்க்கத் தொடங்கியிருப்பார். அண்ணாச்சி தம் சட்டைப் பையிலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்து, சேர்ந்திருந்த பாயின்ட்டுகளின் இடையே மெல்லச் செருகினார். இப்போது காகிதம் குறுக்கே நிற்பதால் பாயின்ட்டுகள் விலகியிருப்பதற்குச் சமம். பாயின்ட்டின் அசையும் கைவரைக்கும் 12 வோல்ட் வந்து காத்து நிற்க வேண்டும். பல்பைக் காயிலின் முனையில் வைத்தார், எரிந்தது. பாயின்ட்டின் கையில் வைத்தார்; எரியவில்லை.

இரண்டுக்கும் இடையே இருந்தது விரல் நீளமுள்ள ஒரு சிறு ஒயர்.

காக்கையும் பனம்பழமும்

அந்த ஒயரின் மேலுறையில் கீறலோ வெடிப்போ காணப்படவில்லை. அதைக் கழற்றி இரு நுனியையும் பிடித்து அண்ணாச்சி மெல்ல இழுத்தார். செம்புக் கம்பி ஓடும் ஒயர் இழுத்தால் நீளாது, இதுவோ ரப்பர்போல நீண்டது. உள்ளே இழைகள் யாவும் அறுந்திருந்தன. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட் அமர்ந்திருக்கும் தட்டு அசையாத தட்டன்று. பொறி விழும் நேரத்தை எஞ்சினின் பளுவுக்கு ஏற்ப முன்னும் பின்னும் மாற்றுவதற்காக, உறிஞ்சு விசையால் அது ஓயாமல் திரும்பிக்கொண்டிருக்கும். ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரில் கால் வைத்து எடுக்குந்தோறும் அந்தச் சிறு ஒயர் ஒருமுறை வளைந்து நிமிர்கிறது. உலோகத்தை ஒரேயடியாக ஒடிக்க முடியாத விசையும், திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடித்துவிடும். உலோகத்தின் களைப்பு என்று இதைச் சொல்வார்கள். இழை இழையாக, மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் அறுந்துவந்தது, கடைசி இழை விடைபெற்றபோது வெளியே தெரிந்தது.

அப்படியானால் மழை? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததைக் காகதாலீய நியாயம் என்று நம் தார்க்கிகர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். காக்கை பொய்யன்று, பழம் விழுந்ததும் பொய்யன்று, ஒன்றால் மற்றொன்று நிகழ்ந்தது என்பதே பொய். ஈரத்தினால் நிற்கும் கார்கள் அநேகம் உண்டு என்பதனாலேயே, அன்று அந்த விளக்கம் எல்லோருக்கும் அவ்வளவு எளிதில் சம்மதமாயிற்று. பழகிய காரணம் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் நின்றுவிட்டால், அதைச் சோதித்துப் பார்க்க மனம் எழுவதில்லை.

பையிலிருந்து மெல்லிய இழைகள் பல கொண்ட வளையத்தக்க ஒயரில் ஒரு துண்டை வெட்டி, நுனிகளை முறுக்கி, தட்டின் அசைவுக்குத் தாராளமாக இடம் விட்டுப் பொருத்தினார். சாவி திரும்பியது, பல்பு சிமிட்டியது, தடித்த ஒயரின் நுனியில் 'படக் படக்' என்று நீலப்பொறி தாவியது. ஒயரை மூடியில் செருகியதும் எஞ்சின் இரண்டு சுற்றில் பற்றிக்கொண்டது. நண்பர் மகிழ்ச்சியுடன் சட்டை மாற்ற வீட்டுக்குள் ஓடினார்.

அண்ணாச்சி வண்டியை நிறுத்தினார். மூடியைத் திரும்பக் கழற்றி, புது ஒயரை எடுத்துவிட்டு, அறுந்த பழைய ஒயரையே மறுபடி பொருத்தி, என்னைச் சாவி போடச் சொன்னார். பல்பு சிமிட்டவில்லை, முன்போலவே அசையாமல் எரிந்தது. அதைப் பார்த்துத் தலையசைத்த பிறகே புது ஒயரை மீண்டும் வைத்து மூடினார்.

இது இருந்தால் அது இருக்கும் என்பது அன்வயம். இது இல்லையேல் அது இல்லை என்பது வியதிரேகம். இரண்டும் கூடினால்தான் காரணம் நிலைபெறும் என்பது பழைய சாஸ்திரம். நோய் தீர்ந்தது மட்டும் போதாது. கழற்றி மாட்டியதில் வேறு ஏதேனும் ஒரு தொடர்பு தற்செயலாகச் சரியாகிப் பல்பு சிமிட்டியிருக்கலாம். காரணத்தை மீண்டும் வைத்து, நோய் மீண்டும் வருவதைக் கண்ட பிறகே அவர் தம் தீர்ப்பை நம்பினார்.

"முகூர்த்தத்துக்கு நேரமாச்சே அண்ணாச்சி, ஓடினப்பவே விட்டிருக்கலாமே?" என்றேன்.

"ராத்திரி திரும்பி வரணும்ல சார்" என்று சொல்லி, பஸ் டிக்கெட்டைத் துடைத்து மறுபடி சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.